பருப்பையும் முட்டையையும் நிறுத்தாமல் மளிகைச் செலவைக் குறைக்க வழி இருக்கா? (5 பேர், அரிசி அட்டை)

திருப்பூர்க்காரி
ஜூலை 6, 2025, காலை 6.50

வீட்டில் 5 பேர். பெரியவங்க 3, அரசுப் பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க 2. சோத்துக்கு ரேஷன் அரிசிதான். அது போக மளிகை, காய், முட்டை எல்லாம் சேர்த்து வாரம் 1,500 ரூபாய் ஆகுது. பால் இந்தக் கணக்கில் இல்லை. 1,100க்குள் கொண்டு வரணும். சாம்பாரை வாரம் ஒரு நாளாக்கி, முட்டையை நிறுத்திட்டு, மத்த நாள் ரசம், புளிக்குழம்புன்னு ஓட்டலாமா?

மெஸ் கணக்கு
ஜூலை 6, காலை 9.15

கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைக்கிறீங்க.

5 பேருக்கு ஒரு வேளை சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு. மாசம் 15 நாள் வெச்சா ஒன்றரை கிலோ. அதில் 1 கிலோ ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்குது. மீதி அரை கிலோ வெளியே வாங்கினா 60, 65. மாசத்துப் பருப்புச் செலவே நூறைத் தொடாது. 15 நாளை 4 நாளாக்கினா வாரத்துக்கு 20 ரூபாய் மிஞ்சும், அவ்வளவுதான். அந்த 20 ரூபாய்க்காகப் பிள்ளைங்க தட்டில் இருக்கிற புரதம் போயிடும்.

100 கிராம் பருப்பில் சுமார் 22 கிராம் புரதம். ரேஷன் பருப்புன்னா ஒரு கிராம் புரதம் 14 காசு. கடைப் பருப்புன்னா 55, 60 காசு. முட்டையில் ஒரு கிராம் புரதம் ஏறக்குறைய ஒரு ரூபாய். ரேஷன் பருப்பைவிட மலிவா ஒண்ணும் கிடைக்காது.

எண்ணெய், தேங்காய், கடை மாவு, பாக்கெட் மசாலா, அழுகித் தூக்கிப்போடுற காய். இந்த அஞ்சும் வாரத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு எழுதுங்க. பணம் அங்கேதான் போகுது.

திருப்பூர்க்காரி
ஜூலை 6, பகல் 1.30

சூரியகாந்தி எண்ணெய் வாரம் 1 லிட்டர், 155. தேங்காய் 4, ஒண்ணு 35. இட்லி மாவு பாக்கெட் 3, ஒண்ணு 45. மசாலா பாக்கெட் எல்லாம் சேர்த்து 80. காய் 450லிருந்து 500. ரேஷன் பாமாயில் வாசம் பிடிக்காததால் வாங்கறதில்லை. பருப்பும் வேகறதே இல்லை, 8 விசில் விட்டாலும் முழுசு முழுசா நிக்குது.

மெஸ் கணக்கு
ஜூலை 6, இரவு 8.40

நினைச்ச மாதிரியேதான் இருக்கு.

எண்ணெய்: மாசம் 4 லிட்டர் வெளியே வாங்கறீங்க. 5 பேருக்கு மொத்தமே 3 லிட்டர் தாராளம். ரேஷன் பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய், வெளியே 2 லிட்டர். வாரத்துக்கு 70 ரூபாய் குறையும். பாமாயிலைக் கடுகு போடறதுக்கு முன்னாடி நல்லாக் காய விட்டா வாசம் போயிடும். வறுவல், பூரி, குழம்புத் தாளிப்புக்கு அது. பொடிக்குக் குழைக்கவும் ஊறுகாய்க்கும் வேண்டாம். மார்கழியில் பாட்டிலுக்குள்ளே வெள்ளையா உறையும், அது கெட்டுப்போனது இல்லை.

அளவு குறைய ஒரு வழி: ஞாயித்துக்கிழமை அந்த வாரத்து எண்ணெயை 700 மில்லி அளந்து தனி பாட்டிலில் ஊத்தி வைங்க. கேனைச் சாய்ச்சு ஊத்தற கைக்கு அளவு தெரியாது. கரண்டியால் எடுக்கற கைக்குத் தெரியும்.

மாவு: 3 பாக்கெட் 135. வீட்டில் அரைச்சா 4 டம்ளர் ரேஷன் புழுங்கல் அரிசிக்கு 1 டம்ளர் (200 கிராம்) முழு உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம். உளுந்து செலவு 25 ரூபாய் சொச்சம். கிட்டத்தட்ட இரண்டரை கிலோ மாவு வரும். வாரத்துக்கு 100 மிச்சம்.

தேங்காய்: இப்ப விக்கிற விலைக்கு வாரம் 2 போதும். சட்னிக்குப் பாதி பொட்டுக்கடலை, இல்லேன்னா முழுக்க வறுத்த வேர்க்கடலை. 55 மிச்சம்.

இதுவே 225. காயும் மசாலாவும் இன்னும் இருக்கு. அதுக்கு கோபி அக்கா வந்தாத்தான் சரி.

வடசென்னை
ஜூலை 6, இரவு 10.05

ரேஷன் அரிசி இட்லி கல்லு மாதிரி வரும்னு சொல்றாங்களே?

கோபி அம்மிணி
ஜூலை 7, காலை 5.30

வராதுங்க. அரிசி 6 மணி நேரம் ஊறணும், 3 மணி நேரத்தில் எடுத்து ஆட்டினா கல்லுதான். உளுந்து ஒரு மணி நேரம் ஊறினாப் போதும். ஊறின தண்ணியையே கொஞ்சங்கொஞ்சமாத் தெளிச்சு அரை மணி நேரம் கிரைண்டரில் ஓடட்டும். ஒரு சொட்டு மாவை எடுத்துத் தண்ணியில் போட்டா மிதக்கணும். மூழ்கினா இன்னும் ஆட்டுங்க. அரிசியை மைய அரைக்காம நைஸ் ரவை பதத்தில் எடுத்துருங்க. அரிசி ஆட்டும்போது ஒரு கைப்பிடி பழைய சோறு சேர்த்தா இட்லி மெத்துன்னு வரும்.

மிக்ஸின்னா 4க்கு 1 பத்தாது, மூணேகாலுக்கு 1 போடுங்க. மிக்ஸி சூட்டில் உளுந்து பொங்காது. உளுந்து ஊறின பாத்திரத்தை முன்கூட்டியே ஃபிரிட்ஜில் வெச்சு, அந்தக் குளுந்த தண்ணியில் ஆட்டுங்க, விட்டு விட்டு ஓட்டுங்க.

முத நாள் இட்லி, அடுத்த நாள் தோசை. மூணாம் நாள் புளிச்ச மாவில் ரெண்டு கரண்டி அரிசி மாவு, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பணியாரம்.

மெஸ் கணக்கு
ஜூலை 7, காலை 8.20

பருப்பு வேகாதது பத்தி. போர் தண்ணியா? தண்ணியில் சுண்ணாம்பு அதிகமா இருந்தா பருப்பை இளக விடாது. எத்தனை விசில் விட்டாலும் அப்படியேதான் நிக்கும். பருப்பு ஊறவும் வேகவும் மட்டும் கேன் தண்ணியோ ஆத்துத் தண்ணியோ எடுங்க. 100 கிராமுக்கு ரெண்டரை டம்ளர்தான், பெரிய செலவில்லை. அதுவும் இல்லேன்னா போர் தண்ணியை முதல் நாள் இரவே கொதிக்க வெச்சு, அடியில் வெள்ளையாப் படிஞ்சதை விட்டுட்டுத் தெளிஞ்சதை மட்டும் ஊத்துங்க.

பருப்பைச் சுடுதண்ணியில் ஒரு மணி நேரம் ஊற வைங்க. உப்பும் புளியும் பருப்பு மசிஞ்ச பிறகுதான். தக்காளியும் அப்படித்தான், முன்னாடி போட்டா புளிப்பு பருப்பை இறுக்கும். மஞ்சள்தூளும் நாலு சொட்டு நல்லெண்ணெயும் போடலாம், எண்ணெய் நுரையைக் கட்டுப்படுத்தும். சமையல் சோடா வேண்டாம். வேகும், ஆனா பருப்பில் இருக்கிற பி வைட்டமின் வீணாகும்.

இன்னொண்ணு: சில மாசம் துவரைக்குப் பதிலா கனடா மஞ்சள் பருப்பு போடுவாங்க. அது ஊறாமலே 3 விசிலில் குழையும். துவரை மாதிரி 5 விசில் விட்டா அடிபிடிக்கும்.

கோபி அம்மிணி
ஜூலை 7, பகல் 12.10

100 கிராம் பருப்பில் 5 பேருக்குச் சாம்பார் வெச்சா தண்ணியாத்தானுங்க இருக்கும். அதைச் சொல்லாம விட்டுட்டீங்க.

மெஸ் கணக்கு
ஜூலை 7, பகல் 2.00

உண்மைதான், கெட்டிக்கு வழி வேணும். பரங்கிக்காய் (மஞ்சள் பூசணி) கால் கிலோவை வேக வெச்சு, அதில் பாதியைக் கரண்டியால் மசிச்சு விட்டா போதும். பரங்கி இல்லாத நாளில் ஒரு டீஸ்பூன் அரிசி, ரெண்டு டீஸ்பூன் மல்லி, ரெண்டு மிளகாய் வறுத்து அரைச்சு ஊத்தி ஒரு கொதி. கடலை மாவு கரைச்சு ஊத்தினா சீக்கிரம் கெட்டியாகும். ஆனா ஆறினதும் களி மாதிரி இறுகும், காலையில் வெச்சு மத்தியானம் டிபன் பாக்ஸில் போகிற சாம்பாருக்கு ஆகாது.

வடசென்னை
ஜூலை 7, இரவு 9.30

ரேஷன் அரிசியைக் கழுவறப்ப சிலது மேலே மிதக்குது. அதைப் பொறுக்கித் தள்ளிடுங்க, பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்காங்க.

மெஸ் கணக்கு
ஜூலை 7, இரவு 9.55

இல்லை, தள்ளாதீங்க. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவத்தில் செஞ்சு, 100க்கு 1ங்கிற கணக்கில் சேர்த்திருக்காங்க. லேசா இருக்கறதால் மிதக்கும், நிறமும் கொஞ்சம் மாறி இருக்கும். பிள்ளைங்களுக்கும் பெண்களுக்கும் ரத்த சோகை வராம இருக்கத்தான் அதைக் கலந்திருக்காங்க. ரெண்டு தடவை அலசினாப் போதும், தேய்ச்சு அஞ்சாறு தடவை கழுவ வேண்டாம். சோறு வடிக்கிறவங்க அந்தக் கஞ்சியைக் கீழே கொட்டாம ரசத்துக்கோ குழம்புக்கோ ஊத்துங்க.

குக்கருக்கு அளவு: ரேஷன் புழுங்கல் 1 டம்ளருக்கு 3 டம்ளர் தண்ணி, அரை மணி நேரம் ஊற விட்டு 4 விசில்.

வடசென்னை
ஜூலை 7, இரவு 10.10

சரிண்ணா. இது எங்க தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது, சொல்லிடறேன்.

கோபி அம்மிணி
ஜூலை 8, காலை 6.00

காய் பத்திச் சொல்றேன். வாரம் ஒரு தடவை உழவர் சந்தை போங்க. விலைப் பலகை இருக்கும், எடை சரியா இருக்கும். விலையைவிட முக்கியம், எதை எந்த நாள் சமைக்கறதுங்கறதுதான். முத ரெண்டு நாள் கீரை, பீன்ஸ், வெண்டை. அடுத்த ரெண்டு நாள் கத்திரி, பீர்க்கை, சுரை. கடைசி மூணு நாளுக்கு முட்டைக்கோஸ், முள்ளங்கி, பரங்கி, சேனை, உருளை. இப்படி வரிசை கட்டிட்டா ஒண்ணும் அழுகாது. கீரையைத் தண்ணி தெளிச்சு வைக்காதீங்க, ஈரம் போகத் துணியில் சுத்தி வைங்க.

தோலும் தண்டும் பாதிக் காய்க்குச் சமம். பீர்க்கங்காய்த் தோலை ஒரு ஸ்பூன் எண்ணெயில் சுருள வதக்கி, உளுந்து ஒரு ஸ்பூன், மிளகாய் மூணு, சுண்டைக்காயளவு புளி வெச்சு அரைச்சா துவையல். சௌசௌ தோலுக்கும் இதே பக்குவம். தண்டுக்கீரைத் தண்டு சாம்பாருக்கு. முள்ளங்கி இலையைப் பாசிப்பருப்போட பொரியல். காலிஃபிளவர் தண்டைத் தோல் சீவிக் குருமாவில் போடுங்க.

ஒரே எச்சரிக்கை: பீர்க்கையோ சுரையோ நறுக்கும்போது ஒரு துணுக்கை நாக்கில் வெச்சுப் பாருங்க. கசந்தா முழுசையும் தூக்கிப் போட்டுருங்க. சமைச்சாலும் அந்தக் கசப்பு போகாது, வயித்தைக் கெடுக்கும். அங்கே சிக்கனம் பாக்கக் கூடாது.

கோபி அம்மிணி
ஜூலை 8, காலை 6.25

மசாலா: பாக்கெட்டை நிறுத்திட்டு ஒரே பொடி. மல்லி அரை கிலோ, மிளகாய் கால் கிலோ, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு தலா 50 கிராம், மிளகு, சீரகம் தலா 50, வெந்தயம் 20, விரலி மஞ்சள் 4. நல்லா வெயிலில் காய வெச்சு மில்லில் அரைங்க. அரைச்ச பொடி சூடா இருக்கும். முறத்திலோ பேப்பரிலோ பரப்பி ஆறின பிறகுதான் டப்பாவில் போடணும், சூட்டோட மூடினா கட்டி பிடிக்கும். சாம்பார், புளிக்குழம்பு, முட்டைக்குழம்பு எல்லாத்துக்கும் இதே போதும்.

திருப்பூர்க்காரி
ஜூலை 8, இரவு 9.00

கேன் தண்ணியில் பருப்பு 4 விசிலிலேயே மசிஞ்சிடுச்சு! முட்டைக்கு என்ன செய்யலாம்? வாரம் 12 வாங்கறேன்.

மெஸ் கணக்கு
ஜூலை 8, இரவு 9.40

பிள்ளைங்க சத்துணவு சாப்பிடறாங்களா? பள்ளி நடக்கிற 5 நாளும் அங்கே முட்டை உண்டு. ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைன்னா காலை உணவுத் திட்டமும் இருக்கு. டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்துட்டா அந்த முட்டை வீணாப் போகுது. அவங்க அங்கே சாப்பிட்டா வீட்டுக்கு வாரம் 5 முட்டை போதும், ஞாயித்துக்கிழமைக் குழம்புக்கு.

அவிச்சுப் போடறதைவிட உடைச்சு ஊத்தற குழம்பில் ஒரு முட்டை ஒருத்தருக்கு நிறைவா இருக்கும். புளிக்குழம்பு கொதிச்சு எண்ணெய் பிரிஞ்சதும் அடுப்பைக் குறைங்க. ஒவ்வொரு முட்டையையும் முதலில் கிண்ணத்தில் உடைச்சுப் பாத்து, குழம்போட மேல்மட்டத்துக்கு ஒட்டிப் பிடிச்சு மெதுவாச் சரிச்சு விடுங்க, ஒண்ணுக்கொண்ணு இடம் விட்டு. மூடி போட்டு 4 நிமிஷம். கரண்டியே போடக் கூடாது. கொதி அதிகமா இருந்தா வெள்ளை நூல் நூலாப் பிரிஞ்சு குழம்பு முழுக்கப் பரவிடும்.

மிச்ச நாளுக்கு மீல் மேக்கர். உலர்ந்தது 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம். 5 பேருக்கு அந்த 100 கிராம் போதும். கொதிக்கிற உப்புத் தண்ணியில் 10 நிமிஷம், அப்புறம் பச்சைத் தண்ணியில் ரெண்டு தடவை அலசிப் பிழியணும். நல்லாப் பிழியாட்டி சோயா வாசம் குழம்பு முழுக்க ஏறும், மசாலாவும் உள்ளே இறங்காது.

குளச்சல்
ஜூலை 9, காலை 7.15

மீனை யாரும் சொல்லலியே. சாளையை (உங்க பக்கம் மத்தி) விட மலிவா நல்ல மீன் கெடையாது. அரை கிலோ 5 பேருக்குக் குழம்புக்குப் போதும். சின்னச் சாளைன்னா முள்ளும் வெந்து மெத்துன்னு ஆயிரும், சுண்ணாம்புச் சத்து. கண்ணு தெளிவாவும் செவுள் செவப்பாவும் இருக்கணும், வயிறு உடைஞ்சிருந்தா வாங்காதீங்க. எண்ணெய் மீன், சீக்கிரம் காறும், வாங்கின அன்னைக்கே சமைச்சிரணும்.

தடைக்காலத்தைப் பாத்து வாங்கணும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரை, எங்க மேற்குக் கரையில் ஜூன் 1லேர்ந்து ஜூலை 31 வரை விசைப்படகு போகாது, விலை ஏறும். அப்ப நெத்திலிக் கருவாடு. 50 கிராம், தலையைக் கிள்ளி, சுடுதண்ணியில் 5 நிமிஷம் போட்டு மண் போக அலசி, கத்திரிக்காயோட குழம்பு. கருவாட்டுல உப்பு இருக்கும், குழம்புக்கு உப்பைக் கடைசியாப் பாத்துப் போடுங்க.

திருப்பூர்க்காரி
ஜூலை 9, பகல் 1.15

இங்கே மத்தி கடலிலிருந்து வந்து சேர ரெண்டு நாள் ஆகும்போல, வயிறு உடைஞ்சுதான் இருக்கு. கருவாடு பண்றேன்.

கோபி அம்மிணி
ஜூலை 9, பகல் 3.30

திருப்பூரில் இருந்துட்டுக் கொள்ளை மறக்கலாமா! கொள்ளு ஒரு டம்ளர் (200 கிராம்) வறுத்து, 8 மணி நேரம் ஊற வெச்சு, 7 விசில். வெந்த தண்ணியை இறுத்து ரசம். பருப்பைச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மல்லி, மிளகாய் வதக்கிச் சேர்த்துக் கடைஞ்சா ரெண்டு வேளைக்கு ஆகும். ஒரே சரக்கில் குழம்பும் ரசமும்.

கொள்ளில் கல் நிறைய இருக்கும், கையால் பொறுக்கினா தெரியாது. ரெண்டு கிண்ணம் எடுத்துக்குங்க. ஒண்ணில் கொள்ளும் நிறையத் தண்ணியும். அதைச் சுழட்டிக்கிட்டே அடுத்த கிண்ணத்துக்குத் தண்ணியோட கொள்ளைச் சரிச்சு விடுங்க. கனமான கல் அடியில் தங்கும், கொள்ளு மட்டும் ஓடும். கடைசி ஒரு பிடி வர்றப்ப நிறுத்திருங்க, அதில்தான் கல் கிடக்கும். மூணு தடவை மாத்தினா சுத்தம். வறுக்கறதுக்கு முன்னாடியே அரிச்சு உலர்த்திக்கணும்.

அவசர நாளுக்கு அரிசியும் பருப்பும் சாதம். அரிசி 2 டம்ளர், துவரை அரை டம்ளர், தண்ணி 7 டம்ளர். சின்ன வெங்காயம் 10, பூண்டு 6, தக்காளி 1, வரமிளகாய் 3, மிளகு, சீரகம் அரை அரை ஸ்பூன், மஞ்சள்தூள். கடுகு தாளிச்சு வதக்கி எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு 4 விசில். இதில் துவரை மசிய வேண்டாம், மெத்துன்னு முழுசா இருந்தாத்தான் ருசி. தனியாக் குழம்பு வேண்டியதில்லை. அப்பளமோ தயிரோ போதும்.

வடசென்னை
ஜூலை 9, இரவு 8.50

கேஸ் கணக்கு விட்டுப்போச்சு. அடுக்கு குக்கரில் கீழே அரிசி, மேலே பருப்பு வெச்சா ஒரே அடுப்பில் ரெண்டும் முடியும். அரிசிக்கு முன்னாடியே பருப்பைச் சுடுதண்ணியில் ஊற வெச்சுட்டா 4 விசிலில் ரெண்டும் சேர்ந்து வெந்துடும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைங்க. அப்புறம் பெரிய தீ வெச்சா ஆவியாத்தான் வெளியே போகுது, சீக்கிரம் வேகாது. அணைச்சதும் விசிலைத் தூக்காதீங்க, அழுத்தம் தானா இறங்கற வரைக்கும் உள்ளே வெந்துகிட்டே இருக்கும்.

மெஸ் கணக்கு
ஜூலை 10, காலை 7.05

மிஞ்சின சோறு: நல்லா ஆறின பிறகு மூழ்கறளவு தண்ணி ஊத்தி வைங்க. சூட்டோட மூடி வெச்சுட்டுப் படுத்தா சோத்தில் வளர்ற கிருமியின் நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது, வாந்தி வரும். மத்தியானச் சோத்தை ராத்திரி பத்து மணி வரை அப்படியே விட்டுட்டு அப்புறம் தண்ணி ஊத்தறதும் தப்பு. காலையில் நீராகாரம் வடிச்சு, மோர், சின்ன வெங்காயம், முந்தின நாள் துவையல். பிசுபிசுன்னு நூல் விட்டா சாப்பிடாதீங்க.

திருப்பூர்க்காரி
ஜூலை 13, இரவு 9.20

இந்த வாரம் 1,160. மாவு அரைச்சேன், தேங்காய் 2, பாமாயில் வாங்கியாச்சு. பிள்ளைங்க சத்துணவுக்குச் சம்மதிச்சுட்டாங்க. காயில் ஒரு பிடி கீரை மட்டும்தான் வீணாச்சு. பருப்பைத் தொடவே இல்லை. வெளியே வாங்கற அரை கிலோ துவரைக்குப் பதிலா மைசூர்ப் பருப்பு வாங்கலாமா? இங்கே விலை குறைவா இருக்கு.

மெஸ் கணக்கு
ஜூலை 13, இரவு 10.00

தாராளமா. புரதம் துவரைக்குக் குறைஞ்சதில்லை. குக்கரே வேண்டாம், திறந்த பாத்திரத்தில் 20 நிமிஷத்தில் வெந்துடும். தனியாச் சாம்பார் வெச்சா கொஞ்சம் மண் வாசம் அடிக்கும். அதனால் துவரை 60 கிராமுக்கு மைசூர்ப் பருப்பு 40 கிராம் கலந்து, பெருங்காயத்தைக் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க. துவரை மசியறதுக்குள்ளே இது முழுக்கக் கரைஞ்சு சாம்பாரே கெட்டியாகிடும், அன்னைக்குப் பரங்கிக்காய் மசிக்க வேண்டியதில்லை.